விற்பதும் மிஞ்சுவதும்

வீட்டில் இருந்தபடியே சிறு வியாபாரம் செய்யும் சகோதரிகளிடம் "யாவாரம் எப்படிப் போகுது?" என்று கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ், விற்பனை இருக்கு. கையிலதான் ஒன்றும் நிக்குதில்ல" என்பார்கள். ரோல்ஸும் சம்சாவும் செய்து கடைக்குக் கொடுப்பவர், இடியப்பம் அவிப்பவர், பெருநாளுக்கு உடுப்புத் தைப்பவர் என எல்லோரும் சொல்வது இதையேதான். உடனே, விற்பனை போதாது, இன்னும் கூட்ட வேண்டும் என்ற முடிவுக்கு வந்து விடுகிறார்கள். சிலர் அதற்காக வட்டிக்குக் கடனும் எடுத்து விடுகிறார்கள். அந்தக் கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இப்பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கி, எரிவாயு சிலிண்டருக்கு மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், ஒருவரின் உழைப்பு வீட்டுக்குப் போதாமல் போனது. அடுப்படியையே தொழிலிடமாக்கிக் கொண்ட உம்மாமார் நம் ஊர்களில் பலர். பிள்ளையின் வகுப்புக் காசும், மூத்தவர்களின் மருந்துச் செலவும் இன்று அந்த ரோல்ஸில் இருந்துதான் வருகின்றன. எனவே இது பொழுதுபோக்கான விஷயமல்ல. கணக்காகவே பார்ப்போம்.

திரும்பி வரும் ரோல்ஸ்

கணக்குக்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு ரோல்ஸ் செய்ய 48 ரூபாய் முடிகிறது. கடைக்கு 60 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள். மிஞ்சுவது 12 ரூபாய். காலையில் 100 ரோல்ஸ் அனுப்பினால் 1,200 ரூபாய் இலாபம் என்று மனது கணக்குப் போடும். மாலையில் 15 திரும்பி வருகிறது. "15தானே, பிள்ளைகள் சாப்பிடட்டும்" என்று விட்டு விடுகிறோம்.

விற்ற 85க்கும் கையில் வந்தது 5,100 ரூபாய். நூறுக்கும் செலவழித்தது 4,800 ரூபாய். மிஞ்சியது வெறும் 300! திரும்பி வந்த 15 ரோல்ஸும் இலாபத்தில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டன. அதே சகோதரி 80 மட்டும் செய்து எண்பதையும் விற்றிருந்தால் 960 ரூபாய் மிஞ்சியிருக்கும். குறைவாகச் செய்து கூடுதலாக உழைப்பது என்பது கேட்கப் புதினமாக இருக்கும். ஆனால் சமைத்த உணவை விற்பவருக்கு இதைவிட முக்கியமான பாடம் வேறில்லை.

எத்தனை செய்வது என்பதை எப்படி அறிவது? நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். என்ன நாள், எத்தனை கொடுத்தது, எத்தனை திரும்பியது என்ற மூன்றை மட்டும் மூன்று வாரம் எழுதுங்கள். போயா தினத்தில் குறைகிறது, பாடசாலை விடுமுறையில் குறைகிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை மூடுவதால் குறைகிறது, மழை நாளில் கூடுகிறது என்று உங்கள் ஊரின் போக்கு அதிலேயே தெரிந்து விடும். கடைக்காரரிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: எத்தனை மணிக்கு முடிந்தது? காலை 9 மணிக்கே முடிந்துவிட்டால், விடியலில் இன்னும் 40 சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதில்லை. அஸருக்குப் பின் தேநீர் நேரத்துக்கு 20 சுடச்சுட அனுப்பிப் பாருங்கள்.

48 ரூபாய் என்றேனே, அது சரியான கணக்காக இருக்க வேண்டும். மா, கிழங்கு, மீன், முட்டை, எண்ணெய் ஆகியவற்றை எல்லோரும் எழுதுகிறார்கள். எரிவாயு, சுற்றும் தாள், மகன் கொண்டுபோய்க் கொடுக்கும் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் ஆகியவை விடுபட்டுப் போகின்றன. இவை சேர்ந்து ஒரு ரோல்ஸுக்கு 5 ரூபாய் வந்தால் உங்கள் 12 ரூபாய் 7 ஆகிவிடும். விலையை 5 ரூபாய் உயர்த்தினால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று பயந்து ரோல்ஸைச் சின்னதாக்குகிறோம். வாங்குபவர் இரண்டையும் கவனிப்பார். ஆனால் உயர்த்திய விலையை முகத்துக்கு நேரே சொன்னவரை மன்னிப்பார், சொல்லாமல் சுருக்கியவரை மன்னிக்க மாட்டார்.

மாமியிடம் கடன் கேட்பது

கடைக்குக் கொடுப்பதில் இத்தனை கணக்கு என்றால், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதில் இன்னொரு சிக்கல். வாங்குபவர் மாமி, மச்சி, ராத்தா. "பிறகு தாறேன் மகள்" என்பார்கள். கேட்க வெட்கம். எழுதி வைத்தால், "என்னை நம்பவில்லையா?" என்று அவர் மனம் வருந்துமோ என்ற யோசனை வேறு.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பல் படாதீர்கள் என்ற கருத்தும் அதிலேயே வருகிறது. நம்பிக்கையில்லாதவர்கள் எழுதட்டும் என்று அது கூறவில்லை. ஆகவே மாமியின் முன்னாலேயே எழுதுங்கள். தொகையோடு தவணையையும் எழுதுங்கள். "25ஆம் திகதி மாமாவின் சம்பளம் வந்ததும் தாருங்கள் மாமி" என்று நாளைக் குறிப்பிட்டுச் சொல்வது, எப்போதாவது வாசலில் நின்று கேட்பதைவிட உறவுக்கும் நல்லது.

ஒரு ரோல்ஸின் காசு வராமலே போனால், அதில் போட்ட 48 ரூபாயை மீட்க மட்டும் இன்னும் 4 ரோல்ஸ் விற்றாக வேண்டும். மாமிக்குக் கொடுக்க விரும்பினால் ஹதியாவாகவே கொடுங்கள், தாராளமாக. வியாபாரத்தையும் அன்பளிப்பையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டும் கெட்டுவிடும்.

நேற்றைய சம்சாவை இன்றையதோடு கலந்து அனுப்பும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவம் நீங்கள் அறிந்ததே. ஈரமானதை மேலே போட்டிருக்கக் கூடாதா என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மிஞ்சியதைத் தனியே வைத்து, நேற்றையது என்று சொல்லி, விலை குறைத்து விற்கலாம். வாங்கவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் படம் போடும் சகோதரிகளுக்கு ஒரு சொல்: படத்தோடு விலையையும் போடுங்கள். விலை கேட்டுத் தகவல் அனுப்ப எல்லோருக்கும் மனம் வராது. பேசாமல் அடுத்தவரிடம் போய்விடுவார்கள்.

பெருநாள் ஓடர்கள்

தையல் சகோதரிகளின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்கு நோன்பு மாதத்தில் வேலை தலைக்கு மேல் குவிகிறது. நாளொன்றுக்கு இரண்டு உடுப்பு என்றால் 26 நாளில் 52. கடைசிப் பத்தின் இபாதத்தையும், மின்சாரம் தடைப்படும் நாட்களையும் கழித்தால் 40தான் நிச்சயம். ஆனால் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனமின்றி 70 ஏற்கிறார்கள். பெருநாள் இரவில் 30 வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். அடுத்த வருடம் அந்த 30 பேரும் வரமாட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு இன்னும் சிலரும் வரமாட்டார்கள். நாற்பதாவது ஓடரோடு கொப்பியை மூடிவிடுவதே விற்பனையைப் பாதுகாக்கும் வழி.

மதீனாவில் பேரீச்சம் பழத்துக்கு ஓரிரு வருடங்கள் முன்னரே பணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அளவும் நிறையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நபியவர்கள் ஒழுங்கு செய்தார்கள். ஃபிக்ஹு நூல்களில் இது ஸலம் என்ற பாடம். அதன் சட்டங்கள் விரிவானவை, உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். அதிலுள்ள ஒழுங்கு எல்லா ஓடர்களுக்கும் பொருந்தும்: என்ன துணி, என்ன அளவு, எந்த நாள், எவ்வளவு காசு. துணி யாருடையது என்பதையும் எழுதி விடுங்கள். சண்டைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ரமழான் ஆண்டுதோறும் 10, 11 நாட்கள் முன்னோக்கி நகர்வதை வியாபாரத்திலும் கணக்கெடுக்க வேண்டும். 2025இல் மார்ச் தொடக்கத்திலும் 2026இல் பெப்ரவரியிலும் நோன்பு வந்தது. கிழக்கில் அது பெரும்போக அறுவடையை ஒட்டிய காலம், வீடுகளில் காசு புழங்கும். 2029இல் ஜனவரி நடுப்பகுதிக்கு வந்துவிடும். 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இருமுறை நோன்பு தொடங்கும். அப்போது நெல் வயலில் நிற்கும், காசும் அங்கேதான் நிற்கும். விவசாயக் குடும்பங்களை நம்பித் தைப்பவர்கள், விலை உயர்ந்த துணியை அந்த வருடங்களுக்கு வாங்கிக் குவிக்காமல், சிறுபோக அறுவடை முடியும் செப்டெம்பரிலேயே முற்பணம் பெற்று ஓடரைப் பதிந்து கொள்வது நல்லது.