ரப்பர் பாலில் கோலினைப் பிடிக்கும் சிவப்பு உப்பு

கோலகங்சார், சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால் ஸ்டோரின் அமோனியா நெடி நன்றாகத் தெரியும். மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து ஸ்டோருக்கும் வந்து சேரும் பால் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக அமோனியாவைச் சேர்ப்பார்கள். கிராணி மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். நூறு பங்கு பாலில் ரப்பர் 30 முதல் 40 பங்குதான். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு புரதமும் சர்க்கரை வகைகளும் கொழுப்பும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல மெட்ரோலாக்கால் முடியாது.

அந்தக் கொஞ்சத்தில் ஒன்று கோலின். மரத்திலிருந்து பால் வடியும்போது அது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பில் பிணைந்திருக்கும். அமோனியா கலந்த பால் நாள்பட நிற்கும்போது அந்தக் கொழுப்பு சிதைந்து, கோலின் பிரிந்து தண்ணீரில் கலக்கிறது. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வேலையை இது விரைவுபடுத்தும் என்பதால், ரப்பர் வேதியியலாளர்களுக்கு இதன் அளவு தேவைப்படுகிறது. ஆனால் கோலினுக்கு நிறமில்லை. தண்ணீரில் முழுக்கக் கரைந்துவிடுவதால் வடிகட்டியும் எடுக்க முடியாது.

இப்படிப்பட்ட பொருளைப் பிடிப்பதற்கு உதவுவது ரைனெக்கே உப்பு. 1863இல் இதை முதலில் விவரித்த வேதியியலாளரின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. கருஞ்சிவப்புப் படிகம் இது. நடுவில் ஒரு குரோமியம் அணு. அதைச் சுற்றி ஆறு இடங்கள். நான்கு இடங்களில் தையோசயனேட், எதிரெதிரான மற்ற இரண்டில் அமோனியா. குரோமியத்தின் மின்சுமை கூட்டல் மூன்று, நான்கு தையோசயனேட்டுகளுக்கும் சேர்த்துக் கழித்தல் நான்கு. ஆக மொத்தத்துக்கு மிஞ்சுவது கழித்தல் ஒன்று. உருவத்தில் பெரியது, மின்சுமையில் சிறியது. கோலினோ கூட்டல் ஒன்று கொண்ட அயனி. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத இளஞ்சிவப்பு வீழ்படிவு உண்டாகும்.

தாவரச் சாறுகளில் உள்ள கோலினை நெடுங்காலம் இந்த வழியில்தான் அளந்தார்கள். ரப்பர் பாலாக இருந்தால் முதலில் அமிலம் விட்டு உறையவைத்து, ரப்பரை எடுத்துவிட வேண்டும். எஞ்சும் தெளிந்த நீரில்தான் பிரிந்து வந்த கோலின் இருக்கும். அதில் புதிதாகக் கரைத்த ரைனெக்கே உப்பை ஊற்றிக் குளிர வைத்தால் வீழ்படிவு இறங்கும். வடிகட்டி, கழுவி, உலர்த்தி எடை போடலாம். 100 மில்லிகிராம் வீழ்படிவில் ஏறத்தாழ 24.7 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. எடை மிகக் குறைவாக இருந்தால் அசிட்டோனில் கரைத்து, 526 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு விழுங்குகிறது என்று நிறமானியில் பார்க்கலாம்.

இந்த உப்பு கோலினை மட்டும் பிடிப்பதில்லை. ஆல்கலாய்டுகள், புரோலின், சில அமீன்கள், பாதரசம் எல்லாமே இதனிடம் சிக்கும். அதனால்தான் கரைசலின் அமில காரத் தன்மையைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டும். பீட்டைன் என்ற பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். காரக் கரைசலில் அதன் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் அது வீழ்வதில்லை. அமிலத்தில் கழித்தல் முனை அடைபட்டுப் போக, அதுவும் கோலினோடு சேர்ந்து வீழ்ந்துவிடும். இதைக் கவனிக்காமல் எடை போட்டவர்களுக்குக் கோலின் கணக்கு கூடுதலாகவே வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த உப்பின் இன்னொரு குணம். தையோசயனேட் இருக்கும் கரைசலில் ஃபெரிக் குளோரைடு விட்டால் இரத்தச் சிவப்பாக வேண்டும். இருட்டில் வைத்த புதிய ரைனெக்கே கரைசலில் அப்படி ஆகாது, ஏனென்றால் தையோசயனேட் குரோமியத்தின் பிடியில் இருக்கிறது. வெளிச்சத்தில் வைத்தால் அது கழன்று வெளியே வர, நிறம் ஏறும். எவ்வளவு ஒளி விழுந்ததோ அவ்வளவு தையோசயனேட். 1966இல் வெக்னரும் ஆடம்சனும் இதை வைத்தே ஒளியை அளக்கும் முறையை வகுத்தார்கள். எஸ்டிபிஎம் வேதியியலில் லிகண்டுகளை, அதாவது உலோக அணுவைச் சுற்றிப் பிணைந்திருப்பவற்றை, சூத்திரமாக மட்டும் படிக்கும் மாணவர்களுக்கு, குரோமியம் ஒரு லிகண்டைப் பிடித்திருப்பதையும் விடுவதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அதிகம் இல்லை.

இன்று கோலினை அளக்க நொதி முறைகளும் திரவ நிறப்பகுப்பியும் வந்துவிட்டன. அவை இன்னும் நுட்பமானவை, வேகமானவை. ஆனால் கருவியின் திரை எண்ணை மட்டும் காட்டும். இங்கே வீழ்படிவு கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கலாம். கற்பிப்பதற்கு இதுவே மேல் என்பேன்.

ஆய்வகத்தில் செய்துபார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு: உப்பை வாங்கிப் பயன்படுத்துங்கள், மாணவர்களைக் கொண்டு தயாரிக்க வேண்டாம். தயாரிப்பில் அம்மோனியம் டைகுரோமேட் தேவைப்படும், அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கரைசலை அன்றன்றைக்குக் கரையுங்கள், 65 டிகிரிக்கு மேல் சூடாக்காதீர்கள். சிதையும்போது ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டாமல் தனிப் புட்டியில் சேர்த்து, மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிகளின்படி ஒப்படைத்துவிடுங்கள்.