யாழ்ப்பாணத்தில் சலமாண்டர் தேடலாமா?

மழை விட்ட காலையில் கிணற்றடியில் பளபளவென்று ஊர்ந்து போகும் நாலுகால் பிராணியைப் பார்த்து, "இது சலமாண்டரோ?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இல்லை, அது அறணை. அதன் உடலில் செதில் உண்டு, விரலில் நகம் உண்டு. கடித்தால் மரணம் என்பதும் வெறும் பேச்சு. அறணைக்கு நஞ்சே கிடையாது.

சலமாண்டர் பல்லியின் உறவல்ல, தவளையின் உறவு. வாலுள்ள தவளை என்று நினைத்துக்கொள்ளுங்கள்: செதிலற்ற, எப்போதும் ஈரமாக இருக்கவேண்டிய தோல். இலங்கையில் அப்படி ஒன்றுகூட இல்லை. சலமாண்டர்கள் வடதிசைக் கண்டங்களில் தோன்றிப் பரவியவை. நமது நிலமோ இந்தியாவோடு தெற்கிலிருந்து நகர்ந்து வந்து ஆசியாவில் முட்டியது. நமக்கு மிகக் கிட்ட அவற்றைக் காண்பதென்றால் டார்ஜிலிங் மலைக்குப் போகவேண்டும். அங்குள்ள ஜோர்போக்ரி சரணாலயம் இமாலயச் சலமாண்டருக்குப் பேர்போனது.

வெப்பவலயக் காடுகளில் சலமாண்டர் தேடுவோர் பெரும்பாலும் மத்திய அமெரிக்காவுக்கே போகிறார்கள். அங்குள்ள பல இனங்களுக்கு நுரையீரலே இல்லை. தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சு விடுகின்றன. குவாத்தமாலாவில் 1975இல் கண்ட ஒரு மஞ்சள் சலமாண்டர் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. நிபுணர்கள் திரும்பத் திரும்பத் தேடியும் கிடைக்கவில்லை. 2017இல் அதைக் கண்டவர், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஒரு காட்டுக் காவலாளி! தேடலில் பட்டத்தைவிட இடப்பழக்கம் பெரிது என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் பழக்கம் நம் தோட்டக்காரரிடம் நிறையவே உண்டு. சலமாண்டர் இல்லாவிட்டால் என்ன, அதன் உறவான தவளையை இங்கே தேடலாம். சுண்ணக்கல் தரை, நீண்ட கோடை, மழை நாளில் மட்டும் ஓடும் வழுக்கையாறு: குடாநாட்டில் ஈரத்தோல் பிராணிக்குப் பிழைப்பு கடினம். ஆனாலும் தவளைகள் வழி கண்டுபிடித்திருக்கின்றன. பலூன்போல ஊதிய உடம்புள்ள ஒரு சிறு தவளை பின்னங்காலால் மண்ணைத் தோண்டி உள்ளே போய், கோடை முழுக்க அங்கேயே கிடந்து, முதல் மழைக்கு வெளியே வரும். குளத்துப் பச்சைத் தவளை வளர்ந்ததும் நீர்ச்செடிகளையும் தின்னும். தவளைகளில் இது அபூர்வம். மாரித்தவக்கை கத்துவதுபோல என்று நாம் ஏசுகிற அந்தச் சத்தம், ஆண் பெண்ணைக் கூப்பிடும் சத்தம்.

பார்க்க ஆசையென்றால் ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் ரோச் லைற்றோடு வயல்வரம்பில் மெல்ல நடவுங்கள். பாம்பும் அதே தவளையைத்தான் தேடி வரும், சப்பாத்து கட்டாயம். சத்தம் வரும் பக்கம் வெளிச்சத்தை உங்கள் கண்மட்டத்தில் பிடித்தால் தவளையின் கண்கள் மினுங்கும். வெறுங்கையால் தூக்கவேண்டாம். தவளை தோலால்தான் நீர் குடிக்கிறது. உங்கள் கையிலுள்ள உப்பும் மருந்தும் அந்த வழியே உள்ளே போகும்.

வெங்காயத்துக்கு மருந்தடித்த தாங்கியை வாய்க்காலில் கழுவுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதை மேட்டில் வைத்துக் கழுவுங்கள். வாற்பேத்தைகள் அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் வளர்கின்றன.