ஷோரீலுக்கு ஒரு நிமிடம் போதும்

“எந்த சாஃப்ட்வேர் கத்துக்கிட்டா வேலை கிடைக்கும்?” கடைசி வருட அனிமேஷன் மாணவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். டீயை எடுத்துக்கொள் தம்பி, நிதானமாகப் பேசுவோம்.

மாயாவா, பிளெண்டரா என்ற சண்டையை ஓரம் வை. பெரிய ஸ்டூடியோக்களில் மாயாவுக்குத்தான் மவுசு. பிளெண்டர் இலவசம், அதில் உருவான லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ 2025-இல் ஆஸ்கரே வாங்கிவிட்டது. ஒன்றில் கை படிந்தால் மற்றதற்கு மாறிக்கொள்ளலாம். ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது உன் ஷோரீலை, அதாவது நீ செய்த ஷாட்களைத் தொகுத்த வீடியோவைத்தான். மார்க் ஷீட்டை ஹெச்.ஆர். பிறகு கேட்பார், ஃபைலில் வைக்க.

ரீல் ஒரு நிமிடம் இருந்தால் போதும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 1,440 ஃபிரேம். ஒவ்வொன்றுக்கும் நீதான் பொறுப்பு. படித்த காலத்தில் செய்த அசைன்மென்டை எல்லாம் கோத்து, மேலே ஒரு குத்துப்பாட்டையும் போட்டு அனுப்புகிறார்கள். பார்ப்பவர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். தொடக்கமே சுமார் என்றால் அடுத்த ஆளின் ரீலுக்குப் போய்விடுவார். ஆகவே சிறந்த ஷாட் முதலில். சுமாரானதை வெட்டி எறி. அதற்காக நீ ராத்திரி கண்விழித்தது திரையில் தெரியாது. பாத்திரத்தை அசைக்க உதவும் ரிக் வேறொருவர் செய்தது என்றால் அதையும் எழுதிவிடு.

என்ன ஷாட் வைக்கலாம்? டிராகன் சண்டை வேண்டாம். ஒருவன் கனமான பெட்டியைத் தூக்குகிறான், அவ்வளவுதான். தூக்குவதற்கு முன் கால்கள் அகலும், இடுப்பு இறங்கும். இழுத்தவுடன் பெட்டி அசையாது. முதலில் உடம்புதான் இறுகும். பெட்டி தரையை விட்டதும் முதுகு பின்னால் சாயும், அடிகள் குறுகும். இவை இல்லாமல் கை மட்டும் மேலே போனால் பெட்டி காலி என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். டிஸ்னியின் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தங்கள் நூலில் எழுதிவைத்த 12 விதிகளில் பாதி இந்த ஒரு ஷாட்டில் வந்துவிடும். வீட்டு சிலிண்டரை நீயே தூக்கி, செல்போனில் எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்.

சென்னையிலோ ஹைதராபாத்திலோ முதல் வேலை பெரும்பாலும் ரோட்டோவாக அமையும். நடிகரின் உருவத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கோடிட்டுப் பின்னணியிலிருந்து பிரிக்கிற வேலை. அலுப்பானதுதான். ஆனாலும் போ என்றுதான் சொல்வேன்: சம்பளம் வரும், ஒரு ஷாட் எத்தனை கை மாறுகிறது என்பதும் புரியும். வீட்டில் மட்டும் அனிமேஷனை விட்டுவிடாதே. விட்டால் ரீலில் ரோட்டோ மட்டும்தான் இருக்கும், அதற்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள்.

ஸ்டூடியோவின் பெரிய பெயரை நம்பி ரீலைப் புதுப்பிக்காமலும் இருக்காதே. ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்கு 2013 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் கிடைத்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான், அந்தப் படத்தில் வரும் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் ஸ்டூடியோ திவால் மனு கொடுத்திருந்தது.

ஸ்டூடியோவில் செய்த ஷாட்டைப் படம் வெளியாகி, அனுமதியும் கிடைத்த பிறகே ரீலில் சேர். வேலை தருவதாகச் சொல்லி டெபாசிட் கேட்கிற இடத்தில் சேரவே சேராதே.