பேரூராட்சியை நடத்தவும் ஒரு படிப்பு

கடைக்கு ஆள் எடுக்கும்போது எடை போடத் தெரியுமா, பேரேடு எழுதத் தெரியுமா என்று கேட்டுத்தான் எடுக்கிறோம். நம் கடைத்தெருவின் சாக்கடை, தெருவிளக்கு, வரிக் கணக்கு அத்தனையையும் கையில் வைத்திருக்கும் பேரூராட்சி செயல் அலுவலரை என்ன கேட்டு எடுக்கிறார்கள்? நேரடி நியமனம் என்றால் தேர்வாணையத்தின் குரூப் 2 வகைத் தேர்வு. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். விலங்கியல் படித்தவரும் வரலாம், வரலாறு படித்தவரும் வரலாம். வந்தவர்களில் கெட்டிக்காரர்கள் பலர் உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் தொழிலை நம் ஊரில், நம் வரிப்பணத்தில்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

மரக்காணத்தில் அதற்கு விலை அதிகம். வெயில் காலத்தில் உப்பளம் ஓடினால்தான் நம் கடைகளில் பணம் புழங்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளத் தொழிலாளி அரிசியைக் கடனுக்குத்தான் வாங்குவார். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பாத்திகளெல்லாம் வெள்ளக்காடு. வடிகாலை எந்த மாதம் தூர்வார வேண்டும், வரிக் கேட்பை எந்த மாதம் அனுப்பினால் வசூலாகும் என்பதெல்லாம் இந்தக் கரைக்கே உரிய கணக்கு. எந்தப் புத்தகத்திலும் அது இராது. ஆனால் ஊருக்கு வந்ததும் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று முறையான படிப்பு பழக்கிவிடும்.

இப்படிப் படிப்பது புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்டாண்டன் என்ற சிறு நகரம் 1908-லேயே சம்பளத்துக்கு ஒரு நிர்வாகியை அமர்த்திக்கொண்டது. 1924-ல் சைராக்கியூஸ் பல்கலைக்கழகம் பொது நிர்வாகத்துக்கென மேக்ஸ்வெல் பள்ளியைத் தொடங்கியது. பம்பாயில் 1926-லேயே அகில இந்திய தல சுயாட்சி நிறுவனம் தோன்றிவிட்டது. உள்ளாட்சிப் பணியாளர்களுக்கு டிப்ளமோ நடத்துகிறது. 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான திண்டுக்கல் காந்திகிராமத்தில் கிராம வளர்ச்சியைப் பட்டமேற்படிப்பாகவே படிக்கலாம். 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் அமலுக்கு வந்தது. நகராட்சி, பேரூராட்சிகளின் பொறுப்பு கூடிற்று. 2000 வாக்கில் தமிழக நகராட்சிகளில் இரட்டைப் பதிவுக் கணக்கும் வந்துவிட்டது. நாம் காலங்காலமாக எழுதும் பற்று வரவுதான்!

பி.காம். முடித்த நம் பிள்ளைகளில் பலருக்குக் கல்லாவில் உட்கார மனமில்லை. கணக்கு தெரிந்த இவர்கள் மேலே இரண்டு ஆண்டு உள்ளாட்சி நிர்வாகம் படித்தால் தேர்வுக்கும் உதவும், ஊருக்கும் உதவும். தொழில்வரியைக் குறைக்கச் சொல்லிச் சங்கம் மனு கொடுக்கும்போது, செயல் அலுவலர் நியமனத்தில் இந்தப் படிப்புக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதலாம். செயற்குழு யோசிக்கட்டும்.