பொக்கிஷத்தை ஊருக்கே விட்டுச் சென்ற சீமாட்டி

இத்தாலி நாட்டில் பிளாரென்ஸ் என்று ஓர் அழகிய நகரம் இருக்கிறது. அதன் நடுவே ஆர்னோ ஆறு ஓடுகிறது. ஆற்றின் தென்கரையில், கோட்டை போல ஒரு பெரிய கல் மாளிகை நிற்கிறது. அதுதான் பிட்டி அரண்மனை.

இதைக் கட்டத் தொடங்கியவர் லூக்கா பிட்டி என்ற பெரும் பணக்காரர். அந்தக் காலத்தில் ஊரில் செல்வாக்கு மிகுந்தவர்கள் மெடிச்சி குடும்பத்தார். வட்டிக்கடை வைத்துப் பணம் சேர்த்து, பிறகு நாட்டையே ஆண்டவர்கள். அவர்களுடைய மாளிகையை மிஞ்ச வேண்டும் என்பது பிட்டியின் ஆசை என்று சொல்வார்கள். ஆனால் வேலை முடியும் முன்பே, 1472-ல் அவர் இறந்துவிட்டார்.

பிறகு நடந்தது என்ன தெரியுமா? 1549-ல் அந்த மாளிகையை மெடிச்சி குடும்பத்து மருமகள் எலியனோரா விலைக்கு வாங்கிவிட்டார்! யாரை மிஞ்ச நினைத்தாரோ, அவர்கள் கைக்கே அது போய்ச் சேர்ந்தது.

கிரகங்களின் பெயரில் அறைகள்

மாளிகையின் மேல் மாடியில் வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்று கிரகங்களின் பெயர் கொண்ட அறைகள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால், கூரை முழுவதும் ஓவியம். சுவரே தெரியாதபடி படங்கள். தங்க முலாம் பூசிய சட்டங்கள் மின்னுகின்றன. ரபேல் என்ற மேதை வரைந்த வட்ட வடிவப் படம் ஒன்றும் இங்கே உண்டு. நாற்காலியில் அமர்ந்த மேரி மாதா, குழந்தை ஏசுவை மார்போடு அணைத்திருக்கிறார்.

வாரிசு இல்லை!

1737-ல் மெடிச்சி குடும்பத்தின் கடைசி அரசர் இறந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அக்காள் அன்னா மரியா லூயிசா மட்டுமே மிஞ்சினார். அவர் கணவனை இழந்தவர். அவருக்கும் பிள்ளை இல்லை. நாடு, வெளிநாட்டு அரச குடும்பத்தின் கைக்குப் போனது.

குடும்பச் செல்வம் என்ன ஆகும்? முன்பு மாண்டுவா நகரை ஆண்ட குடும்பத்தார், தங்கள் ஓவியங்களை இங்கிலாந்து மன்னருக்கு விற்றார்கள். அவை கடல் கடந்து போய்விட்டன. அந்தக் கதி பிளாரென்சுக்கும் வந்திருக்கலாம்.

அன்னா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதே 1737-ம் ஆண்டு அக்டோபரில் புதிய அரசருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். ஓவியங்கள், சிலைகள், நூல்கள் எல்லாம் புதிய அரசருக்குச் சேரும். ஆனால் அவற்றை நாட்டின் தலைநகரை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது! அவை நாட்டுக்கு அழகாகவும், மக்களுக்குப் பயனாகவும், வெளிநாட்டாரைக் கவர்வதாகவும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதவைத்தார்.

1743 பிப்ரவரி 18-ந் தேதி, இதே அரண்மனையில் அவர் காலமானார். அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி ஊரிலேயே தங்கியது. 1919-ல் இத்தாலிய மன்னர் அரண்மனையை அரசாங்கத்துக்குக் கொடுத்தார். இன்று டிக்கெட் வாங்கி, யாரும் உள்ளே போகலாம்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 18-ந் தேதி, பிளாரென்ஸ் நகரம் அந்தச் சீமாட்டியை நன்றியோடு நினைவுகூர்கிறது.