கண்ணாடி நூல் கம்ப்யூட்டரோடு பேசுவது எப்படி?



நம் 9ஆம் வகுப்பு அறிவியலில் முழு அக எதிரொளிப்பு என்று ஒரு பாடம் வருகிறது. அதில் ஆப்டிகல் ஃபைபர் என்னும் ஒளியிழை பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. கம்ப்யூட்டரோ மின்சாரத்தில் தான் ஓடுகிறது. அப்படின்னா இரண்டையும் எப்படி இணைக்கிறார்கள்? டீச்சரிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

இழை எவ்வளவு மெல்லியது?

தொலைதூரத்துக்குப் போகும் இழையின் மொத்தத் தடிமன் 125 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒளி போகும் நடுப்பகுதி இன்னும் சிறிசு, சுமார் 9 மைக்ரோமீட்டர் தான்! தலைமுடியே இதைவிடப் பல மடங்கு தடிமன்.

இணைக்கும் இடத்தில் நடப்பது என்ன?

சுவரில் மாட்டியிருக்கும் இன்டர்நெட் பெட்டிக்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். அதன் ஓரத்தில் விரல்நுனி அளவுக்கு ஓர் உலோகக் கூடு. அதற்குள் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்.

1. லேசர் டையோடு: மின்சாரத்தை ஒளியாக மாற்றும். ஒளி கூடினால் 1, குறைந்தால் 0.
2. போட்டோ டையோடு: வருகிற ஒளியைச் சிறு மின்னோட்டமாக மாற்றும். அதை ஒரு ஐ.சி. பெருக்கி போர்டுக்குக் கொடுக்கும்.

வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற முறையில் நொடிக்கு சுமார் 250 கோடி 1, 0 வந்து சேர்கின்றன!

ஒரே இழையில் போவதும் வருவதும் மோதாதா? மோதாது. வருகிற ஒளி 1490 நானோமீட்டர், போகிற ஒளி 1310 நானோமீட்டர். கூட்டுக்குள் சாய்வாக வைத்த சிறிய வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை நேரே விட்டு, மற்றதைத் திருப்பி விடும்.

கஷ்டமான வேலை எது?

லேசர் ஒளியை அந்த 9 மைக்ரோமீட்டருக்குள் நுழைப்பது தான். கொஞ்சம் விலகினாலும் ஒளி வீணாகிவிடும். அதனால் தொழிற்சாலையில் லேசரை எரிய விட்டு, இழையை நகர்த்தி நகர்த்தி, ஒளி அதிகமாக வரும் இடத்தில் அப்படியே பற்றவைத்து விடுகிறார்கள். ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஊசி!

வெளியே மாட்டும் பச்சைப் பிளக்கில் இழையின் முனையை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். நேராக இருந்தால் ஒளி எதிரொளித்து லேசருக்கே திரும்பித் தொந்தரவு செய்யும்.

கவனம் தேவை!

• பிளக்கின் முனையைத் தொடாதீர்கள். ஒரு தூசியே ஒளியை மறைத்துவிடும்.
• கேபிளை மடக்கிக் கட்டாதீர்கள். வளைவு அதிகமானால் முழு அக எதிரொளிப்பு நடக்காமல் ஒளி வெளியே கசியும். அப்போது பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.
• இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வலுவாக இருந்தால் கண்ணைக் கெடுக்கும்.
• கேபிள் ஒட்டும் இடத்தில் கலர் கலராக இழைத் துண்டுகள் கிடக்கும். அழகா இருக்கேன்னு தம்பி தங்கைகள் பொறுக்குவார்கள். விடாதீர்கள்! அது கண்ணாடி. தோலில் குத்தினால் எடுப்பது ரொம்பக் கஷ்டம். எங்கள் தெருவில் வேலை செய்த அண்ணன் ஒவ்வொரு துண்டையும் ஒரு பாட்டிலில் போட்டு மூடியதைப் பார்த்தேன்.

வழிகாட்டியவர்கள்

பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பவருடன் சேர்ந்து இழைக் கட்டு வழியாகப் படத்தை அனுப்பலாம் என்று 1954இல் எழுதினார். கண்ணாடி சுத்தமாக இருந்தால் செய்தியை வெகுதூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் 1966இல் சொன்னார். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். கிராம ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் பதிப்பதும் இதே இழையைத் தான்.

பாடத்தில் இருப்பது பரீட்சைக்கு மட்டும் இல்லை தோழிகளே, நம் ஊர் மண்ணுக்குள்ளேயும் ஓடுகிறது!



– 9ஆம் வகுப்பு மாணவி