கடைமடைக்கு எட்டாத ஆக்சிஜன்

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வயது 74. இதயச் செயலிழப்பு என்று மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்திருந்து அனுப்பியிருக்கிறார்கள். எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப். 60 சதவீதம்' என்று இருக்கிறது. "பம்பிங் நல்லா இருக்கு, பயப்படாதீங்க" என்றும் சொன்னார்களாம். ஆனால் வாசல் திண்ணைக்குப் போய் உட்கார்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. "பம்பிங் நன்றாக இருக்கிறதென்றால் கோளாறு எங்கேதான் இருக்கிறது?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த 60 சதவீதத்தைப் பார்த்துவிடுவோம். இதயத்தின் இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை பங்கு ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் அந்த எண். நிறைந்தது எவ்வளவு என்பதை அது சொல்வதில்லை. 100 மில்லி நிறைந்து 60 மில்லி போனாலும் 60 சதவீதம், 70 மில்லி மட்டுமே நிறைந்து 42 மில்லி போனாலும் 60 சதவீதம். வயதாலும் பல வருட ரத்தக்கொதிப்பாலும் விறைத்துப்போன இதயம் தளர்ந்து கொடுக்காது, ஆகவே சரியாக நிறையாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இந்த வகைதான். மூச்சு வாங்குவதில் ஒரு பங்கை இது விளக்கிவிடும்.

முழுவதையும் விளக்காது. 1981-இல் அமெரிக்காவில் ஃபிரான்சியோசா என்ற மருத்துவரும் சகாக்களும் இதயம் பலவீனமான நோயாளிகளைச் சோதித்தபோது, இ.எஃப். எண்ணுக்கும் அவர்களால் எவ்வளவு உழைக்க முடிகிறது என்பதற்கும் சொல்லும்படியான தொடர்பே தென்படவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. இதயம் வெளியேற்றும் ரத்தத்தை மருந்து கொடுத்து உடனே கூட்டிவிடலாம், ஆனால் நடக்கும் தூரம் உடனே கூடுவதில்லை. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்குக்கூட உழைக்கும் திறன் முழுதாகத் திரும்புவதில்லை. அப்படியென்றால் இதயத்தோடு சேர்த்து வேறொன்றையும் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடம் கால் தசை.

கேட்டவர் டெல்டாக்காரர் என்பதால் அவர் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். மேட்டூரில் எத்தனை ஆயிரம் கனஅடி திறந்தார்கள் என்பதை வைத்து, தலைஞாயிறு பக்கம் நாற்று பிழைக்குமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கிளை வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா, ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா, வயல் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். உடம்பின் கடைமடை தசைதான். அங்கே பாசன வாய்க்கால் என்பது தந்துகி எனும் மிக மெல்லிய ரத்தக்குழாய், தண்ணீரைப் பயிராக்கும் வேலை செல்லுக்குள் ஆக்சிஜனை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாவுடையது. இதயச் செயலிழப்பில் இரண்டும் குறைகின்றன. நிதானமாக நீண்ட நேரம் உழைக்கும் தசை நார்கள் குறைந்து, சீக்கிரம் களைக்கும் நார்களின் பங்கு கூடுகிறது. ஓய்வில் இருக்கும் உடம்பு தனக்கு வரும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். உழைக்கும்போது ஆரோக்கியமான உடம்பு முக்கால் பங்கு வரை உறிஞ்சும். தூர்ந்துபோன தசைக்கு அந்தச் சாமர்த்தியம் போய்விடுகிறது. ஆக்சிஜன் வாசல்வரை வந்தும் உள்ளே போகாமல் திரும்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. கடைமடைக்காரர் சும்மா இருக்க மாட்டார், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போவார். தசையும் போகிறது. வேலை செய்யும் தசையில் கழிவுகள் தேங்கினால், அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சொல்லும் நுண்ணிய நரம்பு நுனிகள் தசைக்குள்ளேயே இருக்கின்றன. 1937-இல் ஆலம், ஸ்மிர்க் என்ற இருவர் கெய்ரோவில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். காலுக்குப் போகும் ரத்தத்தைப் பட்டை கட்டி நிறுத்திவிட்டு, கெண்டைக்கால் தசைக்கு வேலை கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. வேலையை நிறுத்திய பிறகும் முழுதாக இறங்கவில்லை. பட்டையை அவிழ்த்து, தேங்கியிருந்த கழிவு அடித்துக்கொண்டு போன பிறகுதான் இறங்கியது. உழைப்பு நின்றுவிட்டது, அந்த மனிதரின் மனசும் அமைதியாகத்தான் இருக்கிறது, இருந்தும் அழுத்தம் ஏறியே நிற்கிறதென்றால் மனு போவது தசையிலிருந்துதான்.

இதையே 1990-களில் லண்டனில் ஆண்ட்ரூ கோட்ஸ், மாசிமோ பியபோலி முதலானோர் இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். கைப்பிடியை அழுத்தி அழுத்தி விடச் சொல்லி, முடிந்ததும் மேல்கையில் பட்டையை இறுக்கிக் கழிவைச் சிறைபிடித்தார்கள். நோயில்லாதவர்களின் மூச்சு பெரும்பாலும் தணிந்துவிட்டது. நோயாளிகளின் மூச்சு வேகம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நுரையீரலுக்கும் கைப்பிடிக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் முன்கைத் தசை போட்ட சத்தத்துக்கு மூச்சு வாங்குகிறது! தசை எவ்வளவு நலிகிறதோ அவ்வளவு சீக்கிரம் கழிவு தேங்கும், மனுவும் அவ்வளவு உரக்கப் போகும்.

மூளைத்தண்டு அந்த மனுவுக்கு எடுக்கும் நடவடிக்கைதான் வினையாகிறது. இதயத்தை விரட்டுகிறது, மற்ற கிளைகளின் மதகுகளை இறக்குகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. சிறுநீரகம் அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. கால் வீங்குகிறது, இதயத்தின் சுமை கூடுகிறது, மனிதர் இன்னும் குறைவாக நடக்கிறார், தசை இன்னும் நலிகிறது. வாய்க்காலைத் தூர்வாராமல் அணையில் மேலும் மேலும் திறந்துவிட்டால் கரை உடையுமே தவிர கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மூச்சிரைப்பில் இந்தச் சுற்றின் பங்கு எவ்வளவு, விறைத்த இதயத்தின் பங்கு எவ்வளவு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் ஓயவில்லை. சுற்று ஒன்று இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏனென்றால் பியபோலி குழு அந்த முன்கைக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தது. மனுவின் சத்தம் குறைந்தது, மூச்சும் அடங்கியது.

படுக்கை தசையை என்ன செய்யும் என்பதற்குப் பழைய கதை, சுருக்கமாக. மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் கட்டிலில் அசையாமல் கிடத்துவதுதான் 1950 வரை வழக்கம். 1952-இல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், அதற்கே எதிர்ப்பு இருந்தது. 1966-இல் டல்லஸில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, உழைக்கும் திறனில் 30 வருட முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் பறித்திருந்தது தெரிந்தது. வயதானவர்களுக்குக் கணக்கு இன்னும் கடுமை. ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுத்ததில் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். "நீங்க எந்திரிக்காதீங்கப்பா, நான் எடுத்துத் தரேன்" என்று வீட்டில் பாசத்தோடு சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

அன்றாட வேலைக்கும் இந்தத் தசை இழப்புக்கும் என்ன தொடர்பு என்றால், சமதரையில் சாதாரணமாக நடக்க உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லி ஆக்சிஜன் வேண்டும். ஒருவரின் உச்சத் திறனே 14 என்று இறங்கிவிட்டால், கடைத்தெருவுக்கு நடப்பது அவருக்கு மலையேற்றம்.

கால் தசை எவ்வளவு நலிந்திருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள ஒரு நாற்காலி போதும். 1994-இல் அமெரிக்காவின் ஜாக் குரால்னிக் குழு வகுத்த சோதனையில் மூன்று பகுதிகள்: நின்று சமநிலை காப்பது, சிறு தூரம் நடப்பது, ஐந்து முறை எழுந்து உட்கார்வது. ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், மொத்தம் 12. மூன்றாவதைக் கூர்ந்து பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழ வேண்டும். தசை நலிந்தவர் முதலில் முன்னால் சாய்ந்து ஆடி ஒரு வேகம் சேர்க்கிறார். பாதி எழுந்ததும் கை தன்னால் பிரிந்து தொடையை ஊன்றப் போகிறது. எழுவதைவிட உட்கார்வதில்தான் குட்டு வெளிப்படும்: மெல்ல இறங்கத் தொடை தாங்காமல் தொப்பென்று விழுகிறார். ஐந்து முறையும் 11.2 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண், 16.7 விநாடியைத் தாண்டினால் ஒன்றே ஒன்று.

2021-இல் டேலன் கிட்ஸ்மன் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வு, இதயச் செயலிழப்புக்காக அனுமதிக்கப்பட்ட 60 வயது தாண்டிய 349 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு வலு, சமநிலை, நடை, தாக்குப்பிடித்தல் என நான்குக்கும் பயிற்சி. மருத்துவமனையிலேயே தொடங்கி, பிறகு வாரம் மூன்று முறை. மூன்று மாதத்தில், மேலே சொன்ன 12 மதிப்பெண் சோதனையில் பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் 8.3, மற்றவர்களுடையது 6.9. முதியவர்களில் இந்த இடைவெளி அன்றாட வாழ்க்கையில் தெரியக்கூடியது. ஆனால் இதைத் தூக்கிப்பிடித்து 'உடற்பயிற்சி செய்தால் மருத்துவமனைப் பக்கமே போக வேண்டாம்' என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். ஆறு மாதத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் கணக்கில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பயிற்சி ஆயுளை நீட்டும் என்றும் அந்த ஆய்வு காட்டவில்லை. எழுந்து நடமாட முடிவதே பெரிய விஷயம், அதற்கு இல்லாத பெருமையைச் சேர்க்கத் தேவையில்லை.

கிட்ஸ்மனும் மார்க் ஹேகோவ்ஸ்கியும் 2012-இல் வெளியிட்டது எனக்கு இன்னும் முக்கியம். வாசகியின் அப்பாவுக்கு இருப்பது போன்ற, பம்பிங் சதவீதம் குறையாத முதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது உழைக்கும் திறன் கூடியது. கூடியதற்குப் பெரும் காரணம், வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை அதிகம் எடுத்துக்கொள்ள முடிந்ததுதான். வாய்க்கால் தூர்வாரப்பட்டிருந்தது.

வாசகி தன் அப்பாவின் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: வால்வு சுருக்கம் இல்லையே, துடிப்பு தாறுமாறாக இல்லையே, கால் வீக்கம் வடிந்துவிட்டதா, பயிற்சி தொடங்கலாமா, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுப்ப முடியுமா. சரி என்றால் கை வைத்த உயரமான நாற்காலியிலிருந்து, ஒருவர் பக்கத்தில் நிற்க, முடிந்த மட்டும் எழுந்து உட்காரலாம். வீட்டுக்குள் நாலைந்து முறை சிறு நடை. பேச்சு தடைபடும் அளவுக்கு மூச்சு வாங்கினால் நிறுத்த வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.